ஐம்பதுக்கும் ஐயாயிரத்துக்கும் ஒரே விலை

என் வீட்டுக்காரர் ஸ்பிரிங் செய்வதில் கெட்டிக்காரர். விலை சொல்வதில் வடிகட்டின அசடு. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதுவதில் தப்பில்லை.

ஐம்பது கேட்டாலும் ஒன்று ஒன்பது ரூபாய். ஐயாயிரம் கேட்டாலும் ஒன்று ஒன்பது. "அம்பது வாங்கறவனும் மனுஷன்தானே?" என்பார். மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் எத்தனை செய்தாலும் மெஷினை ஒரு தடவை செட்டிங் செய்துதான் ஆகவேண்டும். கம்பிச் சுருளைத் தூக்கி மாட்டி, பழைய அச்சைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, முதல் முப்பது ஸ்பிரிங்கைக் குப்பையில் போட்டு, அளவு சரியாக வருவதற்குள் அரை நாள் போய்விடும். அந்த அரை நாளை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எங்கள் பட்டறைக்காகவே சொல்லி வைத்தது.

விளைவு? ஐயாயிரம் வாங்குகிறவர்கள் வேறு இடத்தில் மலிவு என்று நழுவிவிட்டார்கள். ஐம்பதுக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வாசலில். தினம் இரண்டு செட்டிங். போன மாதம் அவருடைய வலது தோள் மேலே எழும்ப மறுத்தது. "இப்படியே சுருள் தூக்கினா ஆபரேஷன்தான். அப்புறமும் கை பழையபடி வரும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பற்றிக் கேட்பதுபோல் இவர் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தில் மருந்துச் சீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கே கொட்டேஷன் போடும் வேலையைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு தடவை செட்டிங் செய்ய இரண்டாயிரம். அது தவிர கம்பி, கரண்ட், லாபம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஐந்து. ஆக, ஐம்பது வாங்கினால் ஒன்று நாற்பத்தைந்து. ஐந்நூறு வாங்கினால் ஒன்பது. ஐயாயிரமென்றால் ஐந்து ரூபாய் நாற்பது காசு.

"நாப்பத்தஞ்சா! ஆளுங்க சிரிப்பாங்கம்மா" என்றார் இவர்.

"சிரிக்கட்டும். அழறவ நான்தானே?"

முதலில் வந்தது நாற்காலி செய்கிறவர். மாதம் தவறாமல் ஐம்பது வாங்குகிறவர், இவருக்குப் பழைய சிநேகிதர். "என்னண்ணே, ஸ்பிரிங்கைத் தங்கத்துல பண்றீங்களா?" என்று கொட்டேஷனை ஆட்டிக் காட்டினார்.

இவர் அங்கேயே உருகிப்போனார். "பழைய ரேட்டே போட்டுடலாம்டா" என்று அலமாரித் தட்டிலிருந்த பேனாவுக்குக் கை நீட்டினார். கை தோள் உயரம்கூடப் போகவில்லை. முகம் சுருங்க, இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"தோளுக்கு என்ன அண்ணி?"

"நீங்க மாசாமாசம் வாங்கற அம்பதுதான் தம்பி."

சொன்ன பிறகு பாவமாக இருந்தது. அவர் ஒருவரா வாங்குகிறார்? உட்காரவைத்துக் கணக்கைக் காட்டினேன். "வருஷத்துக்கு அறுநூறு ஆகுது. மொத்தத்தையும் ஒரே தடவையில பண்ணிட்டா ஒண்ணு எட்டரைகூட வராது. இவருக்கும் பன்னெண்டு செட்டிங் ஒண்ணாயிடும்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ்வளவையும் எங்க வைக்கறது? பணத்துக்கு எங்க போறது?"

"இங்கயே இருக்கட்டும்டா. மாசம் அம்பது எடுத்துக்கிட்டு அதுக்கு மட்டும் குடு" என்றார் இவர். அந்தத் தாராளத்தை மட்டும் நான் தடுக்கவில்லை.

மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே வழிக்கு வந்தார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும். ஒரு வியாழக்கிழமை செட்டிங்கே இல்லை. மெஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"செட்டிங் இல்லேன்னா நான் இங்க எதுக்கும்மா? அதுக்குக் காசு கேட்டா யாரும் வரமாட்டாங்களோன்னுதான் இத்தனை வருஷமா கேக்கல."

பொங்கிக்கொண்டிருந்த பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி என் கோபமெல்லாம் அடங்கிவிட்டது. அசடு என்று நினைத்திருந்தேன், மனுஷன் பயந்திருக்கிறார். ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு வேணும் நீங்க. போதாதா?"

இவர் கண்ணில் சிரிப்பு வந்தது.

"அப்ப ஒரே ஒரு பீஸுக்கு என்ன ரேட் போடுவே?"

"அந்த ஆர்டரை நான் எடுக்கறதில்லைங்க. இருக்கறதே ஒண்ணு" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.