எட்டாவது ஜன்னல்

இந்தக் காலத்தில் ஒருவன் கப்பல் கட்டுகிறேன் என்று சொன்னால், கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிவந்திருக்கிறான் என்று அர்த்தம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே எல்லாம் வெட்டித் தயாராக இருக்கும். துண்டுக்குத் துண்டு நம்பர். ஒன்றை இரண்டோடு ஒட்டு, இரண்டை மூன்றோடு ஒட்டு என்று படம் போட்ட காகிதம் வேறு. ஒட்டி முடித்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் கைகட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரோ ஆக்கிவைத்ததைச் சுடவைத்துவிட்டுச் சமைத்தேன் என்கிற கூட்டம்.

நூலகத்தின் மாடி ஹாலில், சனிக்கிழமை காலை, கட்டர் இதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றார். கட்டர் என்பது அவருடைய பெயரில்லை. கப்பல் உடைக்கிற யார்டில் முப்பத்தொரு வருஷம் கேஸ் டார்ச் பிடித்து இரும்பு வெட்டியவர். அங்கே எல்லோரும் கூப்பிட்டது வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. மனைவிகூட அப்படித்தான் கூப்பிட்டாள். கோபம் வந்தால் மட்டும் "கட்டரு அவர்களே" என்பாள்.

இந்தக் கண்காட்சிக்கு அவராக வரவில்லை. மகள் கீழே புத்தகம் கொடுக்கிற மேஜையில் வேலை பார்க்கிறாள். மாடியில் மாதிரிக் கப்பல் சங்கத்தார் இரண்டு நாள் கண்காட்சி வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், அப்பாவைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். ரிட்டயரானவர்கள் சங்கம். ஒரு பல் டாக்டர், ஒரு பேங்க் மேனேஜர், தலைவராக ஒரு கேப்டன். அவர்களுடைய கப்பல்கள் எல்லாம் மரம், பாய்மரம், பித்தளைப் பீரங்கி. நடுவில் கட்டருடைய கப்பல் ஒன்றுதான் தகரம். ஐம்பது அங்குல நீளம், ஆங்காங்கே துரு நிறத்தில் பூச்சு, கொடி கிடையாது, பீரங்கி கிடையாது. சாதாரண சரக்குக் கப்பல்.

"பெரியவரே, இது எந்தக் கம்பெனி கிட்டு?" என்றார் பேங்க் மேனேஜர்.

"எண்ணெய்க் கம்பெனி."

"அப்படி ஒரு கம்பெனியா?"

"பதினஞ்சு லிட்டர் டின்னு. வீட்டுல சமையலுக்கு வாங்குனது. கழுவி வெட்டுனேன்."

பல் டாக்டர் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார். கப்பல் கட்டுவதென்றால் முதலில் முதுகெலும்பு வைக்க வேண்டும், பிறகு விலா, அதற்கு மேல்தான் தோல் என்று பாடம் எடுத்தார். கட்டர் எங்கிருந்து ஆரம்பித்தார் என்று கேட்டார்.

"காத்தாடியிலேருந்து."

"பின்னாடி இருக்கற ப்ரொப்பெல்லர்லேருந்தா? யாராச்சும் அப்படிக் கட்டுவாங்களா?"

சொன்னால் புரியாது. யார்டில் கப்பலை மூக்கு முன்னால் வரும்படி கரையில் ஏற்றுவார்கள். மூக்கைத்தான் முதலில் வெட்டுவது. அப்படியே உள்ளே உள்ளே போய், கடைசியில் இன்ஜின், சுக்கான், காத்தாடி. இந்தத் தகரக் கப்பலின் அசலை அவர் வெட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. திரும்பக் கட்ட இரண்டு வருஷம். அவருக்குத் தெரிந்த ஒரே வழி, வெட்டின நாட்களைக் கடைசியிலிருந்து திருப்பி எண்ணுவது. கடைசி நாள் வெட்டினதை முதலில் செய்தார். அடுத்த வாரம் அதற்கு முந்தின நாள். டிராயிங் இல்லை. ஒரு அடிக்கு ஒரு நூல் என்று கணக்கு வைத்துக்கொண்டார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்தக் கதவு எத்தனை அடி என்று யோசிக்க வேண்டாம். டார்ச்சோடு கையைத் தூக்கி நின்றால் எதுவரை எட்டியது என்று தோள் சொல்லிவிடும்.

இதில் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கப்பல் முன்பக்கமாக வளர வளர அவருக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. நடுவயிற்றுச் சரக்கு அறைக்கு வந்தபோது மழைக்காலம். சட்டை நனைந்து, நெருப்புப் பொறி பட்டால் சுடாமல் 'ஸ்' என்று அணைந்தது ஞாபகம் வந்தது. மூக்குக்கு வந்தபோது, வெட்டத் தொடங்கிய முதல் நாள் திரும்பி வந்தது. அன்று மத்தியானம் மனைவி, கைக்குழந்தையாக இருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கோடு யார்டு கேட்டில் நின்றாள். அண்ணாந்து பார்த்து, "இம்மாம் பெருசையா வெட்டப் போற? பாவம்யா அது" என்றாள். அதனால் மாதிரியில் மூக்கின் கடைசித் தகட்டைக் கட்டர் உடனே ஒட்டவில்லை. பத்து நாள் சும்மா வைத்திருந்தார்.

பதினோரு மணிக்குக் கேப்டன் வந்தார். விறைத்த முதுகு, இஸ்திரி கலையாத சட்டை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தலையசைப்பு கொடுத்துக்கொண்டே வந்தவர் தகரக் கப்பலின் முன் நின்றுவிட்டார். ஒரு முறை சுற்றிவந்தார். புகைக்கூண்டைப் பார்த்தார். பின்பக்க ஏணியைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெயரே எழுதாத அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னார்.

கட்டர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் முதல் கப்பல். மூணாவது ஆபீஸரா ஏறுனேன். நாலு வருஷம் அதுலதான் இருந்தேன்." கேப்டனின் குரல் இப்போது சங்கத் தலைவருடையதாக இல்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அதுல வேலை பாத்தீங்களா?"

"வெட்டுனேன்."

கேப்டன் அவரை, சாவு வீட்டில் பாடையைத் தூக்கிக்கொண்டுபோனவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, இடது பக்கத்து ஆபீஸர் அறைகளின் வட்ட ஜன்னல்களை விரலால் எண்ணினார்.

"எல்லாம் சரி. இங்க மட்டும் ஒரு தப்பு. ஏழு போட்டிருக்கீங்க. எட்டு."

"ஏழு."

"எட்டுங்க. நீங்க விட்டுட்ட எட்டாவதுதான் என் ரூம்."

"நாலு வருஷம் உள்ள படுத்திருந்தீங்க. நான் எட்டு மாசம் வெளியில நின்னு பாத்திருக்கேன். ஏழுதான்."

பல் டாக்டரும் பேங்க் மேனேஜரும் வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்தார்கள். கேப்டன் கோபப்படவில்லை. அஞ்சாவது ஜன்னலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் விரலை வைத்தார். "அப்போ இங்க மட்டும் ஏன் இவ்ளோ இடைவெளி?"

"கப்பல்ல இருந்துச்சு. விட்டேன்."

"ஏன் இருந்துச்சுன்னு யோசிக்கலையா?"

"என் வேலை வெட்டுறது. யோசிக்கறதுக்கு மேலே ஆபீஸர்னு நாலு பேர வெச்சிருந்தாங்க."

சிரிப்பு எழுந்தது. கேப்டனும் சிரித்தார். சிரித்தபடியே, யாருக்கும் இல்லாமல் தனக்கே சொல்வதுபோல, பேசினார். "பின்னாடி வாங்கினவன் எவனோ வெளியில தகடு அடிச்சு மூடியிருக்கான். என் ஜன்னல்ங்க அது. வீட்டுலேருந்து லெட்டர் வந்தா அங்க நின்னுதான் படிப்பேன். பித்தளை வளையம், இறுக்கறதுக்குச் சுத்தி மூணு காது வெச்ச திருகு. ஒரு புயல்ல ஒண்ணு ஒடைஞ்சுபோச்சு. இன்ஜின் ரூம்ல கெஞ்சி ஒரு இரும்புத் திருகு வாங்கி நானே போட்டேன். ரெண்டு பித்தளை, ஒண்ணு இரும்பு. தலைமை இன்ஜினியர் பாத்துட்டு, என்னப்பா தங்கப்பல்லுக்கு நடுவுல கரிப்பல்லு வெச்சிருக்கன்னாரு."

மாடிப்படியில் மதியச் சாப்பாட்டோடு வந்த மகள் அப்படியே நின்றாள். கட்டர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"எட்டும் கிடையாது, பத்தும் கிடையாது" என்றார். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் மகள் நேராகப் போய் முன்னறைச் சுவரின் எதிரே நின்றாள். அங்கே அம்மாவுடைய கண்ணாடி. கனத்த பித்தளை வளையம், மூன்று திருகு. இரண்டு பித்தளை, ஒன்று இரும்பு.

அது வந்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆபீஸர் அறை ஒன்றில் சுவர்ப் பலகையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது. பலகைக்குப் பின்னால் வளையம், கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு இரும்பு. எதையும் பார்க்காத ஜன்னல். கேட்டில் பையைத்தான் சோதிப்பார்கள் என்று அதை வயிற்றில் கட்டி மேலே சட்டை போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து வீடு வந்து சேர்ந்தார். "எத்தனையாவது மாசம்?" என்று கேட்டுச் சிரித்தே ஓய்ந்துபோனாள் மனைவி. கண்ணாடிக்காரனிடம் கொடுத்து நடுவில் முகம் பார்க்கிற கண்ணாடி வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம், தினம் காலை, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன் முன்தான் கொண்டை போட்டாள். வாரம் ஒரு முறை துணி வைத்துத் துலக்குவாள். இரும்புத் திருகு மட்டும் கறைவிட்டுக்கொண்டே இருக்கும். "உன்னாட்டமே ஒண்ணு வந்து மாட்டியிருக்கு பாரு" என்பாள்.

அது அந்தக் கப்பலுடையது என்று கட்டருக்குத் தெரியும். வெளிச்சுவரில் அந்த இடைவெளி இருந்ததும் தெரியும். இரண்டும் ஒரே இடம் என்று மட்டும் இத்தனை வருஷத்தில் தோன்றவே இல்லை. ஒன்று யார்டு, ஒன்று வீடு.

"அந்தக் கேப்டன்கிட்ட சொல்லலியாப்பா?"

"என்னத்த?"

"அப்பா."

"கண்ணாடிய அவரு கழட்டிட்டுப் போயிட்டா நான் எதுல சவரம் பண்ணுவேன்?"

மகள் திரும்பிப் பார்த்தாள். "நீ தாடி வெச்சு மூணு வருஷம் ஆச்சுப்பா."

கட்டர் தாடியைத் தடவிக்கொண்டார். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடிக்கு எதிரில் அவர் நின்றதில்லை. நின்றால் அதில் வருவது யார் மூஞ்சி என்று தெரியும். யார் மூஞ்சி வராது என்றும் தெரியும். பித்தளை ஓரமெல்லாம் பச்சை பிடித்திருந்தது.

"கேட்டுட்டா குடுக்கணும்" என்றார் கடைசியில். "அவரோட ஜன்னல். இல்லன்னு எப்படிச் சொல்றது? அதான் ஏழு."

மகள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கட்டர் ஒரு பழைய பனியனைக் கிழித்து எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே வளையத்தைத் தேய்த்தார். பச்சை விட்டது. கை போகப் போக மனைவியின் கை போன வழி தெரிந்தது. வலது பக்கம், அவள் பிடித்துத் துடைக்கிற இடத்தில், பித்தளை ஒரு துளி பள்ளமாகத் தேய்ந்திருந்தது. கடைசியாக இரும்புத் திருகு. அது எவ்வளவு தேய்த்தும் பழுப்பைக் கக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் தவறிப்போய் நேராகப் பார்த்துவிட்டார். தாடி வைத்த யாரோ ஒரு கிழவன். பரவாயில்லை, ஒன்றும் ஆகிவிடவில்லை.

பிறகு கைத்துளைப்பானையும் சின்ன அரத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹால் திறக்கிற நேரத்துக்கு முன்னாலேயே மகளோடு கிளம்பினார். மாடியில் யாரும் இல்லை. அஞ்சாவதுக்கும் அடுத்ததுக்கும் நடுவில், வேறு எங்கும் வைக்க முடியாத இடத்தில், துளைப்பானின் முனை போய் உட்கார்ந்தது. ஏழு சுற்று. தகரச் சுருள் ஒன்று மேஜைமேல் விழுந்தது. ஓரத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார்.

கேப்டன் பத்து மணிக்கு வந்தார். எண்ணவில்லை. நேராக அந்த இடத்துக்குப் பார்வை போனது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கஷ்டப்பட்டு முழங்காலை மடித்து, ஒரு கண்ணை மூடி இன்னொன்றைத் துளையில் வைத்தார்.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க?" என்றார் கேப்டன், கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணும் வெக்கல. அந்தப் பக்கத்து ஓட்டையிலேருந்து வெளிச்சம் வரும். அவ்ளோதான்."

"அப்போ ஒத்துக்கறீங்க."

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? நேத்து முழுக்க உங்க வாய் ஓயல. அதுக்காக ஒரு ஓட்டை. மத்தபடி ஏழுதான்."

கேப்டன் சிரித்தது தகரத்துக்குள் போய்க் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "வளையத்த உருக்கியிருப்பாங்க, இல்ல? உருக்காம யாராச்சும் எடுத்துட்டுப் போயிருந்தா நல்லா இருக்கும். யாரு வீட்டுலயாவது இருந்துட்டுப் போகட்டும்."

"உருக்கலாம் மாட்டாங்க. பித்தளைய நல்லா துலக்குனா தகதகன்னு நிக்கும். அந்த இரும்புத் திருகுதான் சனியன், என்ன தேய்ச்சாலும் கறை விட்டுட்டே…"

வாயை மூடிக்கொண்டார். கீழே தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கேப்டன் துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுந்து திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"நாலு வருஷம்" என்றார் மெதுவாக. "எனக்கும் அப்படித்தான் கறை விட்டுது."

கட்டர் படிக்கட்டைப் பார்த்து நடந்தார். கண்காட்சி முடிகிற வரை இருக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். இருக்கட்டும், கப்பல் எங்கேயும் ஓடிவிடாது. பாதிப் படியில் நின்று, மேலே கேட்கிற மாதிரி, "ஏழுதான்" என்று ஒரு தரம் சொன்னார். மேலேயிருந்து மறுப்பு ஒன்றும் வரவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. இந்தக் காலத்தில் ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கும் ஏதோ காரணம் இருக்கும்.

கைப்பிடியில் கை வைத்தபோதுதான் கவனித்தார். காலையில் தேய்த்த பழுப்பு கட்டைவிரல் ரேகைக்குள் ஏறி அப்படியே நின்றிருந்தது. வேட்டியில் துடைத்தார். போகவில்லை. துடைத்துக்கொண்டே மீதிப் படிகளை இறங்கினார்.