இரண்டு மேஜைகளுக்கு நடுவே ஒரு சுவர்

காஜாக்காரி வீட்டையும் மீட்டர்காரர் வீட்டையும் பிரிக்கும் நடுச்சுவர், அந்த வருடம் ஜூன் மாதத்துக்கும் டிசம்பர் மாதத்துக்கும் இடையில் இரண்டே கால் அடி நகர்ந்து மீட்டர்காரர் வீட்டுக்குள் போனது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. பூச்சில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதில் மாட்டியிருந்த காலண்டரும் ஆடாமல் அசங்காமல் சுவரோடு சேர்ந்தே போனது.

ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த வரிசை அது. காஜாக்காரி சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை, அதாவது காஜா, போடும் மெஷினில் வேலை பார்த்தாள். பதினாலு வருடமாக அதே மெஷின் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கணவன் லாரி ஓட்டினான். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் ஆறாம் வகுப்புக்குப் போன முதல் மாதத்திலேயே வகுப்பு டீச்சர் காஜாக்காரியை வரச் சொல்லி, மூன்று நோட்டுகளை மேஜைமேல் விரித்துக் காட்டினார். ஒன்றில் எண்ணெய்க் கறை. இன்னொன்றில் இஸ்திரிப் பெட்டி பொசுக்கிய தழும்பு. மூன்றாவதில் இளையவளின் பாதம், ஐந்து விரலும் தெளிவாக. பிள்ளை மக்கு இல்லை, ஆனால் இப்படியே போனால் அடுத்த வருடமும் இதே பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்றார் டீச்சர். பிறகு ஒன்று கேட்டார்.

“வீட்டுல எங்க உக்காந்து படிக்கிறா?”

காஜாக்காரி திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள். கட்டில் ஓரம், அடுப்படி வாசல், டிவிக்கு முன்னால், மடித்து வைத்த படுக்கையின் மேல். எதுவும் மகளுடைய இடம் இல்லை; எங்கே போனாலும் யாராவது கொஞ்சம் தள்ளிக்கோ என்பார்கள். கம்பெனியில் தனக்கென்று முதுகு சாய நாற்காலி, காலுக்கு மிதி, தலைக்கு மேல் விளக்கு, கை நீட்டினால் நூல் எல்லாம் இருந்தன. ஒரு சட்டைத் துளைக்குக் கிடைக்கிற மரியாதை பெற்ற மகளுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வேலையில் இறங்கினாள். கட்டிங் பிரிவில் கழித்துப்போட்ட பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, நடுச்சுவரை ஒட்டி இரண்டு மரப்பெட்டிகளின் மேல் வைத்தாள். மகளை ஸ்டூலில் உட்காரவைத்து, முழங்கை பலகையில் சரியாகப் படிகிறதா என்று சட்டைக்கு அளவெடுப்பதுபோல் பார்த்தாள். கால் தரையில் எட்டாததால் அடியில் இரண்டு செங்கல் போட்டாள். எழுதும் கையின் நிழல் நோட்டில் விழக்கூடாது என்று விளக்கை இடது பக்கம் மாட்டினாள். நூல் சுற்றிவந்த அட்டை டப்பாக்களில் பென்சில், அளவுகோல், அழிரப்பர். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவிமேல் துண்டு விழும், போன் பீரோவுக்குள் போகும். எட்டு மணிவரை அந்தப் பலகை மூத்தவளுடையது. அவளைத் தள்ளிக்கோ என்று யாரும் சொல்லக்கூடாது. அவள் பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறவள். முதல் நாளே குரல் வீடு நிறையக் கேட்டது.

மூன்றாம் வாரம் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் பென்சில் விழும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. பலகையை நெருக்கி வைத்தாள். அடுத்த வாரம் மறுபடியும் இடைவெளி. ஆகஸ்டில் ஸ்டூலை எடுத்துவிட்டு நாற்காலி போட இடம் வந்தது. லீவில் வந்த கணவன் சுவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடம் இருக்கிறதே என்று புத்தக அலமாரி ஒன்று அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அக்டோபரில் இளையவளுக்கும் ஒரு குட்டிப் பலகை வைக்க முடிந்தது. மூத்தவளின் நோட்டுகளில் சிவப்பு மை குறைந்துகொண்டே வந்தது.

சந்தோஷப்பட்டது போதும் என்பதுபோல் டிசம்பரில் பயம் வந்தது. இங்கே இரண்டே கால் அடி கூடினால் அங்கே இரண்டே கால் அடி குறைந்திருக்க வேண்டுமே. மீட்டர்காரர் வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்து எழுதுகிறவர், அதிர்ந்து பேசாதவர். மாதக் கடைசியில் அவர் தன் பின்னறையில் டேப் வைத்து அளப்பதை ஜன்னல் வழியாக ஒருநாள் பார்த்துவிட்டாள் காஜாக்காரி. அன்றைக்கே பலகையை அறை நடுவில் இழுத்துப்போட்டாள். நடுவில் கிடந்த பலகையில் எல்லோரும் இடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் போனது. மூத்தவள் ஒன்றும் கேட்காமல் பழையபடி அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்தாள். அவள் கேட்காததுதான் தாய்க்குப் பொறுக்கவில்லை. சுவர் நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள் மீட்டர்காரர் மனைவி கதவைத் தட்டினாள். நாற்பதைத் தாண்டியவள்; இத்தனை வருடத்தில் தலையாட்டலுக்கு மேல் பேச்சு வைத்துக்கொண்டதில்லை.

“பாப்பா சத்தமே கேக்கல. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“இல்லக்கா. பலகைய எடுத்துட்டேன்.” காஜாக்காரி தரையைப் பார்த்தாள். “உங்க எடத்தையெல்லாம் நாங்க எடுத்துக்கிட்டே இருக்கோம்கா. எப்படி வந்து சொல்றதுன்னு தெரியல.”

“அய்ய, அதுக்கா எடுத்த? எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. செவுரு கிட்ட வந்ததுலேர்ந்துதான் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழுது. வந்து பாரு.”

பின்னறையில் உடைந்த மின்விசிறிக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் அவள் ஆறு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதையெல்லாம் எழுதிவந்திருந்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். நோட்டை மடியில் வைத்து எழுதியதால் எழுத்தெல்லாம் சாய்ந்திருந்தது. விளக்கு முதுகுக்குப் பின்னால் எரிந்தது. காஜாக்காரி அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு வாளியை நகர்த்தினாள்.

“இப்படி வாங்கக்கா. மொதல்ல முழங்கைய மடக்கிக் காட்டுங்க.”

அன்று சாயங்காலத்துக்குள் மெத்தையும் மின்விசிறியும் வெளியேறின. மீட்டர்காரர் தானே விளக்கை இடது பக்கம் மாற்றி மாட்டினார். முந்தைய அளவு, தற்போதைய அளவு என்று மாதாமாதம் குறித்துவைத்த தாளையும் எடுத்துவந்து காட்டினார். பரீட்சை வாரங்களில் சுவரின் வேகம் சற்றே கூடியிருக்கிறது, மற்றபடி சீராகத்தான் போகிறது என்றார். மீட்டர்போல் அது நிற்காதவரைக்கும் அவருக்கு நிம்மதிதான். சுவர் உள்ளே வந்த புதிதில் தான் குண்டாகிவிட்டதாக நினைத்து மூன்று மாதம் சாப்பாட்டைக் குறைத்திருந்தாராம்.

இரண்டு பக்கமும் பலகை போட்டபின் எந்தப் பக்கம் போவது என்று சுவருக்குத் தெரியவில்லை. சில நாள் யோசித்துவிட்டு மெலியத் தொடங்கியது. ஒரு வருடத்தில் ஒற்றைச் செங்கல் கனம். இரண்டாம் வருடம் சிலேட்டு. எட்டாம் வகுப்புப் பாடங்கள் முடிந்தபோது ஒருத்தியின் விளக்கு வெளிச்சம் மற்றவளின் நோட்டில் விழுந்தது. சந்தேகங்கள் அந்தப் பக்கம் போகும், விடைகள் இந்தப் பக்கம் வரும். சில நாள் மாறியும் நடந்தது. வெள்ளையடிக்க வந்த வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து மீட்டர்காரர் மனைவி வணக்கம் சொன்னாள். இனிமேல் இதில் ஆணி அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை இருவரும் ஒரே வருடம் எழுதினார்கள், ஒருத்தி பள்ளிக்கூடம் வழியாக, இன்னொருத்தி தனித்தேர்வராக. முடிவு வந்த காலையில் இருவருமே தேறியிருந்தார்கள். கணக்கில் மீட்டர்காரர் மனைவிக்கு நான்கு மதிப்பெண் கூட என்பதில் மூத்தவளுக்கு அரைமணி நேரம் வருத்தம். காஜாக்காரிக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல் இருந்தது. சுவருக்குச் சொல்வதா, அந்த அக்காவுக்குச் சொல்வதா, என்றைக்கோ ஒரு கேள்வி கேட்ட டீச்சருக்குச் சொல்வதா என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நின்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். வாசல் சுற்றிப் போக நேரமில்லை, கம்பெனி வண்டி வந்துவிடும். ஒரு டம்ளரைச் சுவர் வழியாகவே நீட்டினாள்.

“சூடா இருக்குக்கா, பாத்துப் பிடிங்க.”