வெறும் சில்லில் தெரிந்த முகடு

மருந்து எதுவும் தடவாத வெறும் சில்லை அளந்த அன்றே என் ஐந்து வருட உழைப்பு போயிற்று.

போரான் நைட்ரைடு என்று ஒரு படிகம். அதைத் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு உரித்துக் கீற்றுகளாக வெட்டினால், அகச்சிவப்பு ஒளி அதற்குள் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் அலையும். கீற்றின்மேல் துளி பூச்சிமருந்து இருந்தாலும் திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். குன்னம் பக்கத்துப் பருத்திக்காட்டுக் கிணறுகளில் மருந்து இறங்கியிருக்கிறதா என்று இதை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. கீற்றுகளை வெட்டிச் சிறு சில்லில் பதிப்பதும் அளப்பதும் பெங்களூரில். மருந்து தடவிக் காயவைப்பது அரியலூரில், என் கல்லூரியில்.

வரைபடத்தில் மருந்துக்கென்று ஒரு முகடு வந்தது. கட்டுரை வெளியானது, முனைவர் பட்ட வைவாவுக்குத் தேதியும் குறித்தார்கள். அப்போதுதான் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒருவர், அரியலூர் போய் வந்த வெறும் சில்லை அளந்தீர்களா என்று கேட்டார். அதுவரை அளந்த வெறும் சில்லுகள் பெங்களூரை விட்டு நகர்ந்ததே இல்லை. அளந்தேன். அதே இடத்தில் அதே முகடு. மருந்தில்லை, சுண்ணாம்புக்கல் தூசி.

சிமெண்ட் ஆலைக்குக் கல் லாரி ஓடும் சாலையில் இருக்கிற நாங்கள் சோறு, குழம்பு, தண்ணீர் எல்லாவற்றையும் தட்டால் மூடிவைப்போம். மூடிவிட்டால் சுத்தம். நானும் சில்லுகளை எவர்சில்வர் தட்டால் மூடித்தான் காயவைத்தேன். படித்த முட்டாள்! வெளியூர்க்காரி என்றால் முதல் நாளே தூசிக்குப் பயந்து கண்ணாடிப் பெட்டி கேட்டிருப்பாள்.

என் நெறியாளர் காசிநாதன் சாரிடம் சொன்னேன்.

"யாருட்டயாச்சும் சொல்லிட்டியாம்மா?"

"இல்ல சார்."

"சொல்லாத. தேர்வாளருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மாசக் கடைசில நான் ரிடயர்டு. அப்பறம் உன்னைய யாரு எடுத்துக்குவா?"

"சுத்தமான தண்ணிலயும் மருந்து இருக்குன்னு காட்டும் சார்."

"இத வச்சு யாரும்மா கெணத்தப் பாக்கப் போறாங்க?"

அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றது. அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பினேன். வைவா ரத்தானது. பஸ்ஸில் எங்கள் ஊர் வரதராஜன்பேட்டை வரை அழுதேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் ஃபாதர், ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்த வேண்டுதல் கருத்துகளை வாசித்தார்.

"முனைவர் பட்டம் பெறும் மகள் ஷாலினி மேரிக்காக, இறைவனுக்கு நன்றியாக, தாய் அமலோற்பவமேரி."

வைவா தேதி தெரிந்த அன்றே அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையை இடித்தாள்.

"எந்திரிச்சு நில்லுடி, எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்து நின்றேன்.