ஒரே வரிசை

துறைமுகம் ஒன்றைக் கணினிக்குள் அப்படியே ஓட்டிக்காட்டும் வேலையை அண்ணன் பிடித்திருந்தார். கப்பல் வரும், கிரேன் தூக்கும், லாரி கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். அடுத்து நடக்கவேண்டியது எதுவோ அதைத் தப்பாமல் எடுத்துக் கொடுப்பதுதான் நிரலின் உயிர். அந்தப் பகுதியை அண்ணன் கல்லூரியிலேயே எழுதிக் கிழித்துவிட்டாராம். எல்லாம் ஒரே வரிசை. புதிதாக ஒரு நிகழ்வு வந்தால் முதல் ஆளிலிருந்து விசாரித்துக்கொண்டே போய்த் தன் இடத்தைத் தேடும். நாலு கப்பலுக்குச் சரி. இங்கேயோ லட்சக்கணக்கில் நிகழ்வுகள். கணினி தேடிக்கொண்டே கிடந்தது. துறைமுகம் விடியவே இல்லை.

அண்ணன் முதலில் ஏசியைத் திட்டினார். பிறகு கணினியை. கடைசியாக, தன்னிடமே வேலை பார்க்கும் தங்கையை.

"வரிசையை மாத்திடலாம்ணா," என்றாள் அவள்.

"அதுல கை வைக்காத. கல்லு மாதிரி எழுதியிருக்கேன்."

"அதான் நகரவே மாட்டேங்குது."

பக்கத்து மேசையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சிரித்துவிட்டார். அந்த ரோஷத்தில் புதுக் கணினி ஒன்று வந்து இறங்கியது. அது அதே அசட்டுத்தனத்தைக் கொஞ்சம் சுறுசுறுப்பாகச் செய்தது.

வேறு வழியில்லாமல் அண்ணன் விட்டுக்கொடுத்தார். தங்கை நேரத்தை அறை அறையாகப் பிரித்தாள். மணிக்கு ஓர் அறை. புதிய நிகழ்வு நேராகத் தன் அறைக்குப் போய், அங்கே மட்டும் இடம் தேடும். ஓர் அறையில் கூட்டம் கூடினால், அது தானாகச் சின்ன அறைகளாகப் பிரியும்.

இந்தக் கடைசிப் பகுதியை அண்ணன் நீக்கினார். புரியாததை நீக்குவது அவருக்கு நிர்வாகம்.

"ஒரே நேரத்துல எல்லாம் வந்து குவிஞ்சா தாங்காதுண்ணா."

"குவியாது."

கடலுக்கும் அவர்தான் மேலாளர் போல.

துறைமுகத்தின் பெண் அதிகாரி நிரலைப் பார்க்க வந்தார். திரையில் கப்பல்கள் பறந்தன. "முழுக்க என்னோட டிசைன் மேடம்," என்றார் அண்ணன்.

"புயலுக்கு வெளியே நின்ன கப்பல் எல்லாம் ஒரே நேரத்துல உள்ள வந்தா?"

"வரட்டுமே!" அண்ணன் கம்பீரமாகப் பொத்தானைத் தட்டினார். அத்தனை நிகழ்வும் ஒரே அறைக்குள் அடைந்தன. திரை உறைந்தது.

"ஏன் நின்னுடுச்சு?"

"நெட் ஸ்லோ மேடம்."

"இதுக்கு நெட்டே தேவையில்லையேண்ணா," என்ற தங்கை, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். அறைகள் பிரிந்தன, கப்பல்கள் உள்ளே வந்தன. அண்ணன் சுவரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அதிகாரி வேலைக்கு ஒப்புதல் கொடுத்தார். "இனிமே எனக்கு இவங்களே விளக்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் அண்ணன் பெருமையாகச் சொல்கிறார்: "தங்கச்சி நல்லா பண்றா. எல்லாம் நான் குடுத்த சுதந்திரம்."

தங்கை நிமிர்வதில்லை. அண்ணிதான், தும்மல் வந்தவர்போல் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போகிறார்.