தழும்பில்லாத ஆபரேஷன்

நைனாவின் விலா எலும்பில் மூன்று இடத்தில் புற்று பரவியிருப்பது போலத் தெரிகிறது என்று திருப்பதி டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. ரேணிகுண்டா கம்பெனியில் மறுபடி லீவு கேட்க வேண்டும், சூப்பர்வைசரின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். பெற்ற தகப்பனுக்கு இப்படி என்னும்போது புத்தி அங்கேயா போகும் என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் பவன்குமார், நைனாவை அங்கே வரவழைத்து ஈரலில் இருந்த புற்றுக்கட்டிக்கு வைத்தியம் பார்த்து அனுப்பியிருந்தான். "ஆபரேஷன், ரேடியேஷன் ஏதாவது ஆச்சா? கீழே விழுந்தாரா?" என்று திருப்பதி டாக்டர் ஸ்கேனுக்கு முன்பே கேட்டிருந்தார். நைனா சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க சார், ஒரு கீறல் இல்ல. அங்க படுக்க வச்சி ஸ்கேன்தான் எடுத்துக்கினு இருந்தாங்க."

நானும் தலையாட்டினேன். எங்களுக்குக் கத்தி வைத்தால்தான் ஆபரேஷன். மெஷினை வயிற்றின் மேல் வைத்தால் அது ஸ்கேன்.

இப்போது எலும்பில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். நைனா எழுந்து வெளியே வந்துவிட்டார். புத்தூரில் இறங்கி, ஊருக்குப் போகும் கார்வேட்டிநகரம் பஸ்ஸுக்காக நிற்கும்போதுதான் பேசினார்.

"இன்னா பண்ணாலும் பரவுது. வூட்லயே கெடக்கிறேன். பவனுக்கு மட்டும் சொல்லாத யமுனா. வேலைய வுட்டுட்டு வந்துடுவான். எம்மேல ஆணை."

ஆணையாவது பூனையாவது. அவர் தண்ணீர் குடிக்கப் போனதும் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாம் சொல்லிவிட்டேன். நான் ஒருத்தியே எத்தனை நாள்தான் சுமப்பேன்?

"வர்றேன்," என்றான் அண்ணன். பிறகு சட்டென்று, "எந்தப் பக்கம்?" என்றான்.

"வலது. கீழ் விலா."

"ஏய், கத்தி வைக்காம வெளியிலேர்ந்தே சவுண்டு அலைய அனுப்பி கட்டிய சுட்டது அந்த விலா வழியாத்தான்! எலும்பும் சூடு வாங்கியிருக்கும், ஸ்கேன்ல புற்று மாதிரி தெரியும், ஊருக்குப் போய் டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு இங்க ஆஸ்பத்திரியில சொன்னாங்களே. நைனாகிட்ட சொல்லி அனுப்பினேனே."

"நைனாவுக்கு அது ஸ்கேன்தாண்ணா."

வந்த வழியே திருப்பதிக்குத் திரும்பினோம். அண்ணன் போனில் அனுப்பிய சிங்கப்பூர் ரிப்போர்ட்டையெல்லாம் டாக்டர் பொறுமையாகப் படித்தார். "இருக்கலாம். சூடு பட்ட எலும்புன்னா ஸ்கேன்ல கொஞ்சம் கொஞ்சமா மங்கும். பரவியிருந்தா அதிகமாகும். சில மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை ஆறுதல் கிடைக்கவில்லை.

அந்த மாதங்களில் நைனா இருமினால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று அண்ணன் தினமும் கேட்பான். பொறு பொறு என்று சொல்லியே ஓய்ந்துபோனேன்.

மறுபடி ஸ்கேனுக்குப் போனபோது யாரும் கேட்பதற்கு முன்பே நைனா சட்டையைத் தூக்கினார். "எனக்கு இங்க பெரிய ஆபரேஷன் ஆயிருக்குது சார்." ஸ்கேன் எடுப்பவர் தழும்பைத் தேடிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மூன்று இடமும் மங்கிப்போயிருந்தன. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, ஓவென்று அழுதேன்.

"போனக் குடு," என்றார் நைனா. அண்ணன் எடுத்ததும், "பவனு, நீ வரவாணாண்டா," என்றார். உடனே போனை என்னிடமே நீட்டினார்.