‘இருக்கட்டும்’ என்றார் மச்சான்

சுரங்க ரயிலின் கன்ட்ரோல் ரூமில் அவரைக் ‘கறார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவரும் யாரோ பட்டம் கொடுத்தது போல அதை ஏற்றுக்கொண்டு, “ம், சொல்லு” என்று திரும்பிப் பார்ப்பார்.

ஊருக்கு அடியில் சிவப்புப் பாதை, நீலப் பாதை என்று இரண்டு பாதைகள். ஒரே ஒரு ஸ்டேஷனில் மட்டும் இரண்டும் ஒரே பிளாட்பாரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்து நிற்கும். இதிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் அதில் ஏறிவிடலாம். அதற்காக இரண்டு வண்டியும் ஒரே சமயத்தில் வந்து சேரும்படி நேரம் குறித்திருந்தார்கள். குறித்தவர்களுக்கு என்ன, குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்று தாமதமானால் மற்றது காத்திருக்கலாமா கூடாதா என்று தினமும் மல்லுக்கட்டுவது கறார் அல்லவா? ஒன்றரை நிமிஷத்துக்குள் வந்துவிடும் என்றால் நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் என்றால் கிளம்ப வேண்டியதுதான். இல்லாவிட்டால் பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் சுரங்கத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். இந்த விதியை அவர் ஒரு நாளும் மீறியது கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, திட்டினாலும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் குடும்பத்துக்குள்ளேயே அந்த ஒன்றரை நிமிஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியது.

விஷயம் இதுதான். கறாரின் தங்கை நீல வண்டி டிரைவர். தங்கையின் கணவர், அதாவது கறாரின் மாப்பிள்ளை, சிவப்பு வண்டி டிரைவர். ஒரு நாள் காலை நீல வண்டி கொஞ்சம் பிந்தியது. தங்கை பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது, எதிர்ப்பக்கம் புருஷனின் வண்டி கதவை மூடிக்கொண்டு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. இறங்கின ஜனம் சும்மா இருக்குமா? அவளுடைய ஜன்னலைத் தட்டித் தட்டித் திட்டித் தீர்த்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். “பொண்டாட்டி வண்டி வந்துட்டிருக்குன்னு தெரியுமில்ல? நிறுத்தவான்னு ரேடியோல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான். ஆனால் எந்த நேரத்தில் எதைச் சொல்லக் கூடாதோ அதை அந்த நேரத்தில் சரியாகச் சொல்லிவிடுவார். “கேட்டா மட்டும் உங்கண்ணன் விட்டுடுவாரா? வேணாம்பார். அதுக்கு எதுக்கு வாயை வேற வலிக்க வச்சுக்கணும்?” என்றார்.

அவ்வளவுதான். அவள் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சும்மா வரவில்லை. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பணிமனைக்கு மாற்றல் கேட்டு எழுதியும் கொடுத்துவிட்டாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அங்கேயே குடியிருப்பு. போனால் போனதுதான், புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. அதில் கையெழுத்துப் போட வேண்டிய பெரிய அதிகாரியும் “இந்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தார்.

இருக்கிற ஒரே அறையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். கறாரின் மனைவி நாத்தனாரோடு சேர்ந்துகொண்டு அங்கேயே படுத்தாள். இரண்டு பேரும் பாதி ராத்திரி வரை ஆண்பிள்ளைகளைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கறார் கூடத்தில் சோபாவில் சுருண்டு கிடந்தார். சோபா குட்டை, அவர் நெட்டை. காலை நீட்டினால் கழுத்து வலித்தது, கழுத்தைச் சரி செய்தால் கால் தொங்கியது. ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது சோபா இல்லை. சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு அறைக்குள்ளிருந்து தங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அவர் தூக்கி வளர்த்த தங்கை. அந்தச் சத்தம் அவருக்குத் தாங்கவில்லை.

“மாப்பிள்ளைகிட்ட நான் பேசட்டுமாம்மா?” என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தார்.

“நீங்க பேசி என்னண்ணா ஆகப்போகுது? என்ன பேசுவீங்க, விதியை எடுத்துச் சொல்லுவீங்க. அவருக்கா தோணணும். எனக்காக ஒரு தடவை அவரா நிக்கணும். அதுதான் வேணும் எனக்கு.”

கறார் சோபாவுக்கே திரும்பிப் போனார்.

சரி, அந்த ‘இருக்கட்டும்’ நாளுக்கு வருவோம். காலை நெரிசல் நேரம். நீலப் பாதையில் எவனோ ஒரு புண்ணியவான் மூடுகிற கதவுக்குள் தன் பையைக் கொடுத்துவிட்டான். பை உள்ளே, ஆள் வெளியே. கதவு திறக்கவும் மாட்டேன் மூடவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. வண்டி தங்கையுடையது. கறார் திரையைப் பார்த்தார். ஒன்றரை நிமிஷத்தை எப்போதோ தாண்டியாயிற்று. அதே நேரம் சந்திப்பு ஸ்டேஷனில் சிவப்பு வண்டி வந்து நின்றது. ரேடியோ கரகரத்தது.

“கன்ட்ரோல், நீல வண்டி லேட்டுன்னு போர்டுல காட்டுது. நான் நிறுத்தி வைக்கவா?”

மாப்பிள்ளையின் குரல்!

கேட்டுவிட்டாரே! வாய் வலிக்கும் என்று சொன்ன மனுஷன் வாயைத் திறந்து கேட்டுவிட்டாரே! ஆனால் விதி விதிதான். ‘வேண்டாம், கிளம்பு’ என்று சொல்ல வேண்டும். அதுதான் ரேடியோவில் சொல்ல வேண்டிய வார்த்தை. வேறு எவனாவது கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பார். இது மாப்பிள்ளை. தங்கையைக் கட்டியவர். அதுவும் இத்தனை நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் இறங்கி வருகிறார். அவர் முகத்தில் அடித்தாற்போல ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது? நம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை “நான் தூக்கிட்டு வரட்டுமா மச்சான்?” என்று எதற்காவது கை நீட்டினால் நாம் என்ன சொல்வோம்? கறாரும் அதையே சொன்னார், ரொம்பவும் இதமாக.

“இருக்கட்டும் மாப்பிள்ளை.”

சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்துவிட்டார். வேறொரு ஸ்டேஷனில் நகரும் படிக்கட்டு நின்றுபோயிருந்தது. அதைக் கவனித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சிவப்பு வண்டி அங்கேயே நிற்கிறது. கதவெல்லாம் ஆவென்று திறந்து கிடக்கிறது. பின்னால் ஒரு வண்டி, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. கறார் ரேடியோவைப் பிடுங்கி எடுத்தார்.

“சிவப்பு வண்டி, என்ன நிக்கிறீங்க? என்ன ஆச்சு?”

“நீங்கதானே மச்சான் இருக்கட்டும்னீங்க. அதான், இருக்கு.”

“ஐயையோ! நான் இருக்கட்டும்னு சொன்னது இருக்கட்டும்னு இல்ல மாப்பிள்ளை! இருக்கட்டும்னா…”

கன்ட்ரோல் ரூமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, திரையில் நீல வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்துவிட்டது.

கேமராவில் படம் தெரியும், சத்தம் கேட்காது. ஓடுவதற்குத் தயாராக முட்டி மோதிக்கொண்டு இறங்கிய கூட்டம், எதிரே சிவப்பு வண்டி சாவகாசமாக நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போயிற்று. காலம் காலமாக ஓடிப் பழகின ஒருவர் மட்டும் வேகத்தை அடக்க முடியாமல் உள்ளே பாய்ந்து அந்தப் பக்கத்துக் கதவில் போய் முட்டிக்கொண்டார். மாப்பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எதிர்வண்டியைப் பார்த்தார். ஏதோ சொன்னார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம், கூட்டம் ஏறி முடித்து சிவப்பு வண்டி நகரும்போது, திருப்பின முகம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. கறார் திரைக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தார். முகத்தில் என்ன இருந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். “மாப்பிள்ளை இன்னிக்கு நின்னாராமே?”

“நீங்க நிறுத்தச் சொன்னீங்க, அவர் நிறுத்தினார். ‘மச்சான் இருக்கட்டும்னார்’னு அவரே சொன்னாரே. இதுல அவருக்கு என்ன பெருமை இருக்கு?” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

கறார் போய்ச் சோபாவில் படுத்தார். ‘நான் நிறுத்தச் சொல்லவே இல்லையம்மா’ என்று சொன்னால்? அப்போது மாப்பிள்ளை ஏன் நின்றார்? தப்பாகப் புரிந்துகொண்டு நின்றிருந்தால் அதிலும் பெருமை இல்லை. புரிந்தே நின்றிருந்தால், வேலைக்கே ஆபத்து. சோபாவில் அவர் புரண்ட புரளலில் சோபாவின் ஒரு கால் உடைந்தது.

மறுநாள் விசாரணை. இருக்காதா பின்னே? பாதி ஊர் அலுவலகத்துக்குத் தாமதம். பெரிய அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே கறார், மாப்பிள்ளை, தங்கை மூவரும் மூன்று நாற்காலியில். பக்கத்தில் ஒரு குமாஸ்தா குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். ரேடியோப் பதிவைப் போட்டார்கள். ‘இருக்கட்டும் மாப்பிள்ளை’ என்று கறாரின் குரல் தேனாக ஒழுகியது. அதிகாரி மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் ஒழுகியது.

“இதுக்கு என்னய்யா அர்த்தம்?” என்றார் அதிகாரி.

“வேணாம்னு அர்த்தம் சார். இன்னொரு டீ சொல்லவான்னா இருக்கட்டும்போம் இல்லையா?” என்றார் குமாஸ்தா.

“அதெப்படி? நாற்காலியை எடுத்துடவான்னு கேட்டா இருக்கட்டும்போமே. அப்ப அது அங்கேயே இருக்கணும்னுதானே அர்த்தம்?”

“அதுவும் சரிதான் சார்.”

“என் வீட்டம்மா சொன்னா இந்த ரெண்டுமே கிடையாது. ‘இருக்கட்டும், இருக்கட்டும்’னா அன்னிக்கு ராத்திரி எனக்கு இருக்குன்னு அர்த்தம்” என்று அதிகாரி பெருமூச்சு விட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கறாரைப் பார்த்தார். “நீர் எந்த அர்த்தத்துல சொன்னீர்?”

கறார் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பொய் சொன்னார். “நிக்கட்டும்கிற அர்த்தத்துலதான் சார். தப்பு என்னோடதுதான்.”

சொல்லும்போது ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரியின் மேஜையில் அவளுடைய மாற்றல் மனுவும் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. விசாரணை முடிந்ததும் அதுதான் அடுத்த வேலை.

“அப்ப சரி. கன்ட்ரோல் சொன்னபடி டிரைவர் நின்னிருக்கார். உமக்கு ஒரு எச்சரிக்கை, அவர் மேல தப்பில்ல. எழுதிக்கய்யா” என்றார் அதிகாரி.

“சார்” என்று மாப்பிள்ளை எழுந்து நின்றார். “மச்சான் பொய் சொல்றார். அவர் வேணாம்னுதான் சொன்னார். எனக்கு நல்லாவே புரிஞ்சுது.”

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“மாப்பிள்ளை, உக்காருங்க!” என்று கறார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “சார், அவருக்கு உடம்பு சரியில்ல.”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான். சார், இவங்க வீட்டுல யாரும் வேணாம்னு நேராச் சொல்ல மாட்டாங்க. இருக்கட்டும்னா வேணாம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் நின்னேன். நான் முன்னாடி ஒரு தடவை இவளை விட்டுட்டுப் போனேன் சார். அன்னையிலிருந்து வீட்டுல தனியாக் கிடக்கிறேன். திரும்பவும் விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை. எவ்வளவு நேரமானாலும் நிக்கறதுன்னு நின்னுட்டேன். அவகிட்ட இதைச் சொல்ல நேத்து வாய் வரலை. மச்சான் மேல பழியைப் போட்டுட்டேன்.”

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் குடும்பஸ்தர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதோ பாருப்பா. நீ சொல்றதை அப்படியே எழுதினா ஒரு மாசத்துக்கு உனக்கு வண்டி கிடையாது. நல்லா யோசிச்சுச் சொல்லு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடேன், விட்டுடலாம். தப்பாத்தானே புரிஞ்சுக்கிட்டே?”

“சார்!” என்று ஒரு சத்தம். குமாஸ்தாவின் கையிலிருந்து பேனாவே விழுந்துவிட்டது. தங்கை எழுந்து நின்றிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

“என்ன சார் அநியாயமா இருக்கு! அவர்தான் தெரிஞ்சே நின்னேங்கிறாரே, அதை ஏன் சார் மாத்தச் சொல்றீங்க? தப்பாப் புரிஞ்சுக்கலை சார் அவர். நல்லாப் புரிஞ்சுக்கிட்டு, வேணும்னே, கன்ட்ரோல் பேச்சைக் கேக்காம நின்னார். அப்படியே எழுதுங்க!”

“ஏம்மா, உன் வீட்டுக்காரருக்குத் தண்டனை கிடைக்கும்மா.”

“கிடைக்கட்டும் சார்! வேணும்னேன்னு எழுதச் சொல்லுங்க. அந்த வார்த்தையை விட்டுடப் போறார்.”

குமாஸ்தா குனிந்து பேனாவைத் தேடினார். மாப்பிள்ளை தண்டனை வாங்கினவர் மாதிரியே இல்லை. பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். கறார் எதையும் பார்க்காதவர் போலக் கூரையைப் பார்த்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

தங்கை அவர் தோளைத் தொட்டாள்.

“அண்ணா, சாயங்காலம் எனக்கும் சேர்த்துச் சமைக்க வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லிடுங்க.”