பனிக்குகை இருந்த இடத்தில் என்ன வரும்?

தகரத் தடுப்புக்குப் பின்னால் தரையில் பதினோரு ஆரஞ்சு வட்டங்கள் இருந்தன. கேளிக்கைப் பூங்காவின் ரசிகர்கள் அவற்றை எண்ணிவிட்டார்கள். ட்ரோன் பறக்கவிட்டு மேலிருந்து படம் எடுத்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் எண் போட்டு, எண்களுக்கிடையே கோடு இழுத்து, புதிய சவாரியின் தூண்கள் நிற்கப்போகும் இடங்கள் இவைதான் என்று முடிவும் செய்துவிட்டார்கள்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல பாருங்க மாமா, எவ்வளவு இடைவெளி! அங்கதான் செங்குத்தா ஒரு இறக்கம் வருது. அறுபது டிகிரிக்குக் குறையாது."

சாப்பாட்டு மேசையின் மேல் டேப்லெட்டைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்துக்கொண்டு மைத்துனன் பேசிக்கொண்டிருந்தான். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை அவனுக்கு. வயது முப்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். அந்தப் பூங்காவின் ரசிகர் குழுவுக்கு அவன்தான் அட்மின். நாற்பதாயிரம் பேர் இருக்கிற குழு அது. அத்தனை பேரும் மூன்று வாரமாக ஒரே கேள்வியைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள்: மூடிய பனிக்குகைக்குப் பதிலாக என்ன வரும்?

அவனுடைய அக்காள் கணவர் அதே பூங்காவில் பதினெட்டு வருடமாக ஃபிட்டர். பனிக்குகை ரயிலின் சங்கிலி, பல்சக்கரம், பிரேக் எல்லாம் அவர் கைபட்டவை. அந்த வட்டங்களைப் போட்டபோது அவர் பக்கத்தில்தான் நின்றார். விசாரணை அதிகாரி குனிந்து குனிந்து தெளிப்பு மையால் வட்டமிட, உதவியாளர் ஒருவர் குறித்துக்கொண்டே வந்தார். முதல் வட்டம் ஸ்பேனர் கிடந்த இடம். இரண்டாவது டார்ச். மூன்றாவது தொப்பி. நான்காவது, உயரத்துக்காக எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடும் சக ஃபிட்டரை ரயில் இடித்த இடம். ஐந்தாவது, ரயில் அவனை விட்ட இடம்.

அறுபது டிகிரி.

ஃபிட்டர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். விசாரணை முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று அதிகாரி எச்சரித்திருந்தார். இல்லாவிட்டாலும் இவனிடம் சொல்ல வாய் வந்திருக்காது.

"என் கணக்குப்படி விண்வெளி," என்றான் மைத்துனன். "பாதிப்பேர் டைனோசர்ங்கிறான். ஒருத்தன் எழுதியிருக்கான் பாருங்க, பேய் வீடு வெச்சா இடத்துக்குப் பொருத்தமா இருக்கும்னு. எண்ணூறு பேர் சிரிச்சிருக்கான்."

"டேய், சாப்பிடும்போது என்ன பேச்சு இது," என்றாள் அக்கா.

"நான் சொல்லலக்கா, அவன் சொல்றான்." அவன் இன்னொரு துண்டு கறியை எடுத்துக்கொண்டான். "அந்த ஆளுக்கு நடந்தது பாவந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா அது நடக்கலன்னா இந்தப் பழைய டப்பாவ இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டியிருப்பாங்க. அதையும் பாக்கணுமில்ல?"

ஃபிட்டர் தலை நிமிர்ந்தார். அவனுடைய முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் அவன் போட்டிருந்த டி-சர்ட்டைப் பார்த்தார். கறுப்புத் துணி. நெஞ்சில் வெள்ளை எழுத்து: 'பனிக்குகை. கடைசிச் சவாரி. பதினாறு பேரில் நான் ஒருவன்.'

விபத்து நடந்த அன்று காலை பூங்கா திறக்கும் முன்பே ரசிகர் குழுவுக்கென்று தனியாக அனுமதி கொடுத்திருந்தார்கள். ஒட்டகத்தை இடித்த ரயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் இவன்.

"லேசா ஒரு குலுக்கல்தான் மாமா," என்று அன்றிரவு போனில் சொன்னான். "நாங்க அதையும் சவாரியில சேத்தின்னு நெனச்சுக் கைதட்டினோம்."

பதினாறு பேர் கைதட்டியிருக்கிறார்கள். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் ஃபிட்டருக்கு வாயில் துருப்பிடித்த இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி.

ஒட்டகம் சாகவில்லை. வலது கால் முழங்காலுக்கு மேலே போயிற்று. தலையிலும் அடி. அன்று காலை வீட்டில் செருப்பு மாட்டியது வரைக்கும்தான் அவனுக்கு ஞாபகம். பிறகு ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றுமில்லை. ஆறடி மூன்று அங்குல ஆள், கட்டிலில் பாதியாகக் கிடந்துகொண்டு, பார்க்கப் போகிற ஃபிட்டரிடம் ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்டான்: "டேய், நான் பூட்டுப் போட்டேனா?"

தண்டவாளத்துக்குக் கீழே இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, பேர் எழுதிய மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவன் மேலே வந்து திறக்கும்வரை முதலாளியே வந்தாலும் ரயில் ஓடாது. ஒட்டகத்தின் பூட்டில் நீல இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். மற்றவர்கள் பூட்டோடு மாறிப்போகிறதென்று அவனே சுற்றியது. விபத்துக்குப் பிறகு சுவிட்சில் பூட்டும் இல்லை, அட்டையும் இல்லை. சாவி மட்டும் அவன் பையில் இருந்தது. அவன் பூட்டை மாட்டவே இல்லை, மறந்துவிட்டான் என்று சூப்பர்வைசர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை கடைசி விசாரணை. வியாழக்கிழமை இடத்தைச் சமன்செய்ய இயந்திரம் வருகிறது.

ஒட்டகம் அதை நம்ப ஆரம்பித்திருந்தான். ஃபிட்டரால் தாங்க முடியாதது அதுதான். பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூடப் பூட்டு மறக்காதவன், "மறந்திருப்பேன்டா. எனக்கு வந்த புத்திதானே. என் காலை நானே தின்னுட்டேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"இதப் பாருங்க மாமா, இதுதான் பெரிய துப்பு." மைத்துனன் திரையைத் தள்ளினான். "அன்னைக்கு நான் எடுத்தது. பிளாட்பாரத்துல கல்லாப் பக்கம், அந்தச் சுருட்டி வெச்ச நீலக் காகிதம் தெரியுதா? வரைபடம்! புதுச் சவாரியோட வரைபடம் அங்கயே இருந்திருக்கு. ரெண்டு நாளா இதத்தான் ஆராய்ச்சி பண்றோம்."

அந்த நீலக் காகிதம் துடைப்பத்தைச் சுற்றி வைத்த உறை. ஃபிட்டருக்குத் தெரியும். ஆனால் அவர் பார்த்தது அதை அல்ல. வெட்டி எடுத்த அந்தப் படத்தின் வலது ஓரத்தில் பச்சை சுவிட்ச் பெட்டியின் விளிம்பு தெரிந்தது. விளிம்புக்குக் கீழே மஞ்சளாக, நகத்தளவு, ஒரு முனை.

பிசைந்த கை நின்றுவிட்டது.

"இதோட முழுப்படம் வெச்சிருக்கியா?"

"இருக்கு. ஏன்?"

"எனக்கு அனுப்பு."

மைத்துனன் சிரித்தான். "அது மட்டும் முடியாது மாமா. அன்னைக்கு எடுத்த எதையும் முழுசா வெளிய விடக் கூடாதுன்னு பூங்காவுலேர்ந்து அட்மினுங்களுக்குச் சொல்லியிருக்காங்க. வெட்டித்தான் போடுறோம்."

"நீயும் சரின்னுட்டியா?"

"சும்மாவா? புதுச் சவாரி தொறக்கிற அன்னைக்கு முதல் ரயில் எங்களுக்கு. எழுத்துலயே குடுத்திருக்காங்க."

"அந்தப் படத்துல அவனோட பூட்டு இருக்குடா," என்றார் ஃபிட்டர். "புதன்கிழமை அதிகாரி முன்னாடி வெச்சா போதும். அவன் மேல இருக்கிற பழி போயிடும்."

மைத்துனன் கொஞ்ச நேரம் யோசித்தான். யோசிக்கத்தான் செய்தான் என்பதே ஃபிட்டருக்கு அருவருப்பாக இருந்தது. கட்டைவிரலில் ஒட்டிய குழம்பை நக்கிவிட்டு, "போன கால் திரும்பி வரப்போகுதா மாமா?" என்றான். "முதல் ரயில் போயிடும். நாற்பதாயிரம் பேருக்கு நான் பதில் சொல்லணும்."

ஃபிட்டர் எழுந்து போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு, முழங்கைவரை, கிரீஸ் கழுவுவதுபோல. மைத்துனன் இன்னும் இரண்டு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அக்காவிடம் டப்பாவில் கறி கட்டி வாங்கிக்கொண்டு, "வரேன் மாமா," என்று பின்கட்டுப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுப் போனான். ஃபிட்டர் குழாயை மூடவில்லை.

மனைவி வந்து மூடினாள்.

"அவன நான் தூக்கி வளர்த்தவ," என்றாள். "அவன் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும். கெஞ்சினா குடுக்க மாட்டான். மிரட்டினா அழுவான், அப்பவும் குடுக்க மாட்டான்."

"அப்ப?"

"பொய்யின்னு சொல்லுங்க. சின்ன வயசுல பல்லு விழுந்துதுன்னான். பொய் சொல்றேன்னு நான் சொன்னேன். குப்பைத் தொட்டியக் கவுத்துப் பல்லத் தேடி எடுத்துட்டு வந்து காமிச்சான்."

அவளே ஃபிட்டரின் போனை வாங்கி, 'பழைய பயணி' என்று ஒரு பேர் வைத்து, குழுவில் சேர்த்துவிட்டாள். சேர்ந்ததும் நாற்பதாயிரம் பேரின் சத்தம் அந்தச் சின்னத் திரையில் கொட்டியது. டைனோசர். விண்வெளி. கடற்கொள்ளைக்காரன் கப்பல். பனிக்குகைப் பெங்குவின் பொம்மைகளை ஏலம் விடுவார்களா? அடிபட்ட ரயில்பெட்டியின் முகப்பை விற்றால் ஒருவர் வாங்கத் தயார், ஆனால் 'கழுவாமல் கொடுக்க வேண்டும்.' அதற்கும் சிரிப்பு முகங்கள். வரிசையாக, மஞ்சள் மஞ்சளாக, கொப்புளம் போல.

ஃபிட்டர் போனைத் தூரத் தள்ளிவைத்தார். "என்னால முடியல."

"நான் அடிக்கிறேன், நீங்க சொல்லுங்க."

இருவருமாக எழுதினார்கள்: 'அட்மின் போட்ட படம் அன்று எடுத்ததே இல்லை. போன வருடத்துப் படம். அட்மினுக்கு அன்று பிளாட்பாரம் வரை அனுமதியே கிடையாது. சும்மா கதை விடுகிறார்.'

முதல் நிமிடத்தில் ஒருவன், 'எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது,' என்றான். மூன்றாவது நிமிடத்தில் இருபது பேருக்கு அந்தச் சந்தேகம் முதலிலிருந்தே இருந்தது. டி-சர்ட்டுக்குக் கொடுத்த காசைத் திருப்பித் தா என்றான் ஒருவன். மைத்துனன் இதற்குள் பேருந்தில் ஏறியிருப்பான். மடியில் கறி டப்பாவோடு.

ஒன்பதாவது நிமிடத்தில் படம் வந்தது. முழுசாக. மேலே அவன் எழுதியிருந்தான்: 'பிளாட்பாரக் கடிகாரத்தைப் பாருங்கடா, கண்ணு இருந்தா. தேதியும் அதுலயே இருக்கு. யாருடா பொய்யன்?'

கடிகாரத்தில் எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். விபத்து நடந்தது எட்டு இருபத்தாறுக்கு. கடிகாரத்துக்குக் கீழே பச்சைப் பெட்டி. பெட்டியில் மஞ்சள் அட்டை, அதற்குப் பின்னால் பூட்டு, பூட்டைச் சுற்றி நீல டேப். அந்தப் பூட்டை யார் வெட்டி எடுத்தார்கள் என்று படம் சொல்லாது. வெட்டி எடுக்க அங்கே ஒன்று இருந்தது என்று சொல்லும். அது போதும்.

மனைவி படத்தைச் சேமித்தாள். ஒரு முறைக்கு மூன்று முறை. குழுவில் வந்ததை வந்தபடியே படம் பிடித்தும் வைத்தாள். மூலப்படம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், தம்பியின் பேரையும் விலாசத்தையும் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். அதிகாரிக்கு அனுப்பினார்கள். கால்மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். கேட்டது ஒன்றுதான். "அந்த நீல டேப் யாருடையதுன்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியும் சார்," என்றார் ஃபிட்டர்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய அரைமணி இருந்தது. ஒட்டகம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஃபிட்டர் போனை அவன் கையில் கொடுத்து, பூட்டின் மேல் விரல் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார். ஒட்டகம் வெகுநேரம் பார்த்தான்.

"போட்டிருக்கேன்," என்றான்.

"போட்டிருக்கடா."

"டேப்ப நல்லா இறுக்கித்தான் சுத்தியிருக்கேன்." பிறகு படத்தைச் சிறிதாக்கி முழுசாகப் பார்த்தான். விரல் கீழே இறங்கி நின்றது. பிளாட்பார விளிம்புக்குக் கீழே, சங்கிலிக்கு அடியிலிருந்து, இரண்டு நீளமான கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அழுக்கு பூட்ஸ். வலது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து கிடந்தது.

ஃபிட்டர் வீட்டில் இதைக் கவனிக்கவே இல்லை. பதினாறு பேரும் கவனிக்கவில்லை. பதினான்கு நிமிடம் அந்தக் கால்களைத் தாண்டித்தான் வரிசையில் நின்றிருக்கிறார்கள். எப்போது ஓட்டுவீர்கள் என்று கத்தியிருக்கிறார்கள்.

போன் அதிர்ந்தது. குழுவிலிருந்து. ஃபிட்டர் வாங்கப் போனார், ஒட்டகம் கொடுக்கவில்லை. அவனே படித்தான். படத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கில் வந்து குவிந்திருந்தன. மன்னியுங்கள் அட்மின். நீலக் காகிதம் உண்மைதான், வரைபடமேதான். பெட்டி பச்சை, பூட்டு நீலம், அப்படியென்றால் கடலடி உலகம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கால்களைப் பற்றி ஒரே ஒருவன்தான் எழுதியிருந்தான்: 'படம் அருமை. கீழே எவனோ காலை நீட்டிக் கெடுத்துவிட்டான். அதை வெட்டிவிட்டுப் போடுங்கள், போனில் வால்பேப்பராக வைக்கலாம்.'

அதற்கு மைத்துனனின் பதில்: 'இதோ, ஒரு நிமிஷம்.'

ஒட்டகம் காத்திருந்தான். ஒரு நிமிடத்தில் புதிய படம் வந்தது. கால்கள் இல்லை. சுத்தமாக இருந்தது.

"பரவாயில்ல," என்றான் ஒட்டகம், போனைத் திருப்பிக் கொடுத்தபடி. "இந்தத் தடவ ரெண்டையும் எடுத்துட்டானுங்க."

ஃபிட்டர் குழுவிலிருந்து வெளியேறும் பொத்தானை அழுத்தினார். உறுதியாகத்தானா என்று கேட்டது. மறுபடி அழுத்தினார். பிறகு போனைச் சட்டைத் துணியில் இரண்டு பக்கமும் துடைத்தார். நர்ஸ் வந்து நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.